நழுவும் கட்டி

1846 அக்டோபர் 16-ஆம் தேதியை மருத்துவ வரலாறு மறப்பதில்லை. பாஸ்டன் நகரின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பல் மருத்துவர் வில்லியம் மார்ட்டன் ஒரு கண்ணாடிக் குடுவையிலிருந்து ஈதர் ஆவியை முகரக் கொடுத்தார். முதிய அறுவை மருத்துவர் ஜான் காலின்ஸ் வாரன் ஓர் இளைஞனின் கழுத்தில், தாடைக்குக் கீழே, பிறவியிலிருந்தே இருந்த ரத்தக்குழாய்க் கட்டியில் கத்தி வைத்தார். இளைஞன் அலறவில்லை. அந்தக் கூடத்துக்கு இன்று ‘ஈதர் டோம்’ என்றே பெயர். அந்தக் காட்சியை ஓவியமாகவும் தீட்டியிருக்கிறார்கள். ஆனால் மறுநாளைக் கொண்டாடுவார் இல்லை. அக்டோபர் 17 அன்று அதே மருத்துவமனையில் ஜார்ஜ் ஹேவார்ட் என்ற மருத்துவர் ஒரு பெண்ணின் கையிலிருந்து பெரிய கொழுப்புக் கட்டி ஒன்றை எடுத்தார். மார்ட்டன்தான் அப்போதும் ஈதர் கொடுத்தார். முதல் நாள் வாரன் கட்டியை முழுதாக எடுக்கவில்லை, அதற்கு ரத்தம் போகும் வழியைக் கட்டியதோடு நிறுத்திக்கொண்டார். மறுநாள் ஹேவார்ட் எடுத்தது முழுக் கட்டி. உயிருக்கு எந்தக் கெடுதலும் செய்யாத, விட்டிருந்தால் அந்தப் பெண்ணோடு முதுமைவரை போயிருக்கக்கூடிய வெறும் கொழுப்பு.

அதற்கும் நான்கு ஆண்டுகள் முன்னதாக, 1842 மார்ச் 30 அன்று, ஜார்ஜியா மாநிலத்தின் ஜெஃபர்சன் என்ற சிற்றூரில் கிராஃபர்ட் லாங் என்ற 26 வயது மருத்துவர், துண்டில் ஈதரை நனைத்து ஜேம்ஸ் வெனபிள் என்ற இளைஞரின் மூக்கில் பிடித்திருந்தார். வெனபிளின் பிடரியில் இரண்டு சிறு கட்டிகள். எடுத்துவிட வேண்டும் என்று பலமுறை பேசி, வலிக்குப் பயந்து பலமுறை தள்ளிப்போட்டவர் அவர். லாங் ஒன்றை எடுத்து முடித்தபோது வெனபிள் நம்பவில்லை. எடுத்த கட்டியைக் கையில் காட்டிய பிறகுதான் நம்பினார். லாங்கின் கணக்கில் அதற்கு இரண்டு டாலர். அவர் வெட்டியது உறை போட்ட கட்டி, ஹேவார்ட் வெட்டியது கொழுப்புத் திரட்சி. ஆனாலும் நம் ஊரில் இன்றும் இரண்டையும் ‘கட்டி’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

மனித குலம் வலியில்லாத அறுவையைக் கற்றுக்கொண்டது ஏன் அறுக்கத் தேவையே இல்லாத கட்டிகளின் மேல்? இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. “இது வெறும் கொழுப்புக் கட்டி, ஒன்றும் செய்யாது, விட்டுவிடுங்கள்” என்று இன்று ஒரு மருத்துவர் விரலால் உருட்டிப் பார்த்து இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்புகிறார். இந்தச் சொல் ஆதிகாலத்து அறிவு போலவும், கத்தியும் மருந்தும் வந்த பிறகுதான் நாம் தேவையில்லாமல் வெட்டத் தொடங்கினோம் என்பது போலவும் ஒரு எண்ணம் பரவலாக இருக்கிறது. நடந்தது இதற்கு நேர்மாறு. வெட்டுவது எளிதான பிறகே, வெட்ட வேண்டியதில்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

முதலில் கட்டியைப் பார்த்துவிடலாம். தமிழில் இதற்குக் ‘கழலை’ என்று ஒரு பழைய சொல் உண்டு. கழுத்தில் தைராய்டு வீங்குவதையும் முன்கழுத்துக் கழலை என்கிறோம். ஆகவே அது கொழுப்புக்கு மட்டும் உரிய சொல் அல்ல. இருந்தாலும் கழலுதல் என்றால் பிடிவிட்டு நழுவுதல் என்பதால், இந்தக் கட்டிக்கு அந்தப் பெயர் காதில் நன்றாகவே பொருந்துகிறது. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புக் கட்டியின், அதாவது லைப்போமாவின் விளிம்பை விரலால் அழுத்தினால் அது விரலுக்குக் கீழிருந்து வழுக்கி அப்பால் போகும். அறுவை வகுப்பில் மாணவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் அடையாளங்களில் இந்த நழுவலும் ஒன்று. மேலே தோலைக் கிள்ளித் தூக்கினால் தோல் தனியே வரும். தோலில் வாய் வைத்த உறைக்கட்டி என்றால் அப்படி வராது. கீறிப் பார்த்தால் மெல்லிய சவ்வுக்குள் சிறு சிறு கதுப்புகளாக, கோழியின் வயிற்றுக் கொழுப்பு போன்ற பளபளத்த மஞ்சள். பெரும்பாலும் கத்திக்கு அதிக வேலை இருக்காது. விரலை உள்ளே விட்டுச் சுற்றினால், பலாச்சுளையைப் பழத்திலிருந்து பிரிப்பது போல முழுதாக வெளியே வந்துவிடும். ஃபார்மலின் குப்பியில் போட்டால் மற்ற சதைத் துண்டுகள் அடியில் போய்ப் படிய, இது மட்டும் மிதக்கும். நுண்ணோக்கிக்காக அதைப் பதப்படுத்தும்போது கொழுப்பெல்லாம் கரைந்துவிடும். கடைசியில் கண்ணாடித் தகட்டில் எஞ்சுவது வலை போன்ற வெற்று வட்டங்கள். அந்த வெற்று வட்டங்கள் ஒரே அளவாக, ஒழுங்காக இருக்கின்றனவா என்பதைப் பார்த்துத்தான் நோயியலாளர் தீர்ப்பு எழுதுகிறார்.

இத்தனை எளிதாக அடையாளம் தெரியும் பொருளை முன்னோர்கள் எப்படிப் பார்த்தார்கள்? சுசுருத சங்கிதையில் கிரந்தி, அர்புதம் என்று கட்டிகளைப் பகுத்துச் சொல்லும் பகுதியில் மேதஸால், அதாவது கொழுப்பால் வருவது தனி வகை. வழவழப்பானது, பெரியது, வலி குறைவு, அரிப்பு அதிகம், உடல் பெருத்தால் பெருக்கும், உடல் இளைத்தால் இளைக்கும், உடைந்தால் எள்ளுப் பிண்ணாக்கையும் நெய்யையும் போன்ற கொழுப்பு வெளிவரும் என்று அது வருணிக்கிறது. கூர்ந்து பார்த்தவர்கள் எழுதியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இன்றைய கண்ணால் பார்த்தால் இந்த ஒரே வருணனைக்குள் இரண்டு கட்டிகள் கலந்து கிடக்கின்றன. வழவழப்பு, பருமன், வலியின்மை எல்லாம் லைப்போமாவுக்கு ஒத்துவருகின்றன. பிண்ணாக்கும் நெய்யும் உறைக்கட்டியின் சரக்கு, ஏனென்றால் லைப்போமா உடைந்து எதையும் வெளியே தள்ளாது. உடல் இளைத்தால் கட்டியும் இளைக்கும் என்பது லைப்போமாவுக்குப் பொருந்தவில்லை. ஆள் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமானாலும் அந்தக் கட்டி தன் பங்கை விட்டுக்கொடுக்காது. உடம்பின் கொழுப்புச் சேமிப்பில் அது சேர்ந்ததில்லை.

அதே நூலின் சிகிச்சைப் பகுதிக்குப் போனால், ‘விட்டுவிடலாம்’ என்ற பேச்சே கிடையாது. எள் அரைத்துப் பூசி, இரட்டைத் துணி சுற்றி, அதன்மேல் காய்ச்சிய இரும்பால் ஒற்ற வேண்டும். அல்லது அரக்கை உருக்கிச் சூடு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கீறி, கொழுப்பை வழித்தெடுத்து, அந்த இடத்தைச் சுட வேண்டும். அர்புதத்தில் ஏதாவது மிச்சம் வைத்தால் திரும்ப முளைக்கும், நெருப்பைப் போல ஆளைக் கொல்லும் என்ற எச்சரிக்கையும் உண்டு. இந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். கொல்லும் கட்டிகள் உண்டு என்பதையும், மிச்சம் வைத்தால் அவை திரும்பும் என்பதையும் தெரிந்தவர்கள் எழுதியது அது. ஆனால் கொல்லும் கட்டி எது, கொல்லாதது எது என்று வெட்டும் முன்பே பிரித்துச் சொல்ல அவர்களுக்கு உறுதியான வழி இல்லை. அப்படிப்பட்ட நிலையில் எல்லாவற்றையும் சுட்டுவிடு என்பதுதான் அறிவுள்ளவர் சொல்லக்கூடிய வார்த்தை.

மேற்கிலும் இதே கதைதான். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் எழுதிய செல்சஸ் தலையில் வரும் கட்டிகளுக்குச் சொல்லும் கிரேக்கப் பெயர்கள் பெரும்பாலும் உள்ளே இருக்கும் பண்டத்தை வைத்து வந்தவை. தேன்போல் இருந்தால் மெலிசெரிஸ், கூழ்போல் இருந்தால் அதெரோமா, மாட்டுக் கொழுப்புபோல் உறைந்திருந்தால் ஸ்டியடோமா. கூழ் என்ற பொருள் கொண்ட அந்த அதெரோமா பின்னால் ரத்தக்குழாய்க்குக் குடிபோய், இன்று மாரடைப்பு விளக்கங்களில் வாழ்கிறது. பண்டத்தை வைத்துப் பெயரிட்டால் ஒரு சிக்கல் உண்டு. திறந்து பார்க்காமல் பெயர் சொல்ல முடியாது, திறந்தாலோ பெயருக்கு வேலையில்லை. சமையலறைப் பெயர்களை நான் ஏளனம் செய்யவில்லை. கையில் வேறு கருவி இல்லாதவர்கள் தம் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிந்ததை நேர்மையாக எழுதினார்கள். ஆனால் அந்தப் பெயர்களால் நோயாளியின் எதிர்காலத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஸ்டியடோமா என்ற ஒரே சட்டிக்குள் சாதுவான கொழுப்பும், சீழ் வைத்த உறையும், சில சமயம் புற்றும்கூட கிடந்தன.

1709-இல் பாரிஸில் உடற்கூற்றியலாளர் அலெக்சி லிட்ரே பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு எழுதிய ஒரு குறிப்பில்தான் இந்தச் சட்டி முதலில் உடைந்தது. அவர் பார்த்த கட்டிக்குள் மாட்டுக் கொழுப்பைப் போன்ற பண்டம் எதுவும் இல்லை. இருந்தது உடம்பில் எங்கும் இருக்கும் அதே மென்மையான கொழுப்பு. ஆகவே இது புது வகை என்று சொல்லி, கொழுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘லைப்போம்’ என்று பெயர் வைத்தார். பிரெஞ்சு மொழியில் இப்படித் தோலடியில் எழும் கட்டிக்கு ‘லூப்’ என்று பெயர். உருவ ஒற்றுமையால் உருப்பெருக்கிக் கண்ணாடிக்கும் அதே பெயர் ஆயிற்று. அந்தக் கட்டியின் குணத்தைக் கடைசியில் உறுதி செய்ததும் கண்ணாடி வில்லைதான் என்பதை நினைத்தால் மொழிக்கும் கொஞ்சம் குறும்பு உண்டு என்றே தோன்றுகிறது. லிட்ரே செய்தது பெரிய விஷயம். பண்டம் என்ன என்று கேட்பதை விட்டு, இது உடம்பின் எந்தத் திசு என்று கேட்டார். ஆனாலும் அவர் கையில் இருந்தது வெறும் கண். பெயர் வந்துவிட்டது, அபயம் வரவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மருத்துவர்களின் புத்தகத்தை விடுங்கள், ஊர் ஜனங்கள் எந்தக் காலத்திலும் இந்தக் கட்டிகளோடுதான் வாழ்ந்தார்கள், முதுகில் ஒன்று தோளில் ஒன்று என்று சுமந்துகொண்டு வயலுக்குப் போனார்கள், விட்டுவிடலாம் என்பதைச் சொல்ல அவர்களுக்கு பாஸ்டனும் பாரிஸும் எதற்கு என்று கேட்கலாம். சுமந்தது உண்மை. ஆனால் வேறு வழியில்லாமல் சுமப்பதும், கெடுதல் இல்லை என்று தெரிந்து சுமப்பதும் ஒன்றல்ல. இதற்குச் சாட்சி சீனாவின் கான்டன் நகரில் இருக்கிறது. 1835-இல் அமெரிக்க மிஷனரி மருத்துவர் பீட்டர் பார்க்கர் அங்கே ஒரு கண் மருத்துவமனை தொடங்கினார். கண்ணுக்கு வந்த கூட்டத்தோடு கட்டிகளும் வந்து குவிந்தன. லாம் குவா என்ற சீன ஓவியர் அந்த நோயாளிகளை எண்ணெய் ஓவியங்களாகத் தீட்டினார். அவற்றில் ஒரு பெரிய தொகுதி இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.    அந்த ஓவியங்களில் முகங்கள் அமைதியாக நம்மைப் பார்க்கின்றன. கழுத்திலிருந்தும் தோளிலிருந்தும் மார்பிலிருந்தும் தலையளவு பெரிய கட்டிகள் தொங்குகின்றன. பல ஆண்டுகள் வளரவிட்டவை அவை. ‘விட்டுவிடலாம்’ என்று முடிவு செய்ததால் அப்படி வளர்ந்தன என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு கத்தி கிடைத்தது என்று கேள்விப்பட்டதும் தொலைதூரத்திலிருந்து புறப்பட்டு வந்தார்கள் என்பதே அதற்குப் பதில். அவர்களில் பலர் கத்திக்கு உடம்பைக் கொடுத்தது மயக்க மருந்து இல்லாத காலத்தில். சீனாவில் ஈதரை முதலில் பயன்படுத்தியவராகச் சொல்லப்படுபவரும் இதே பார்க்கர்தான், 1847-இல்.

வசதி உள்ளவர்கள் நிலையும் வேறாக இல்லை. இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜின் தலையில் ஒரு உறைக்கட்டி. உயிருக்கு அதனால் ஒன்றும் இல்லை, முடி சூடும் தலையில் அது அழகாக இல்லை, அவ்வளவுதான். லண்டனின் பெயர் பெற்ற அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பரை எடுக்கச் சொன்னார்கள். பெரிய பெரிய நாளங்களைக் கட்டத் துணிந்த கூப்பர் இந்தச் சின்னக் கட்டிக்கு நடுங்கினார். காரணம், தோலில் கீறிய இடத்தில் செவ்வக்கிபோல் பரவி ஆளைக் கொன்றுவிடும் எரிசிபெலஸ். நல்ல வேளையாக மன்னர் பிழைத்தார், 1821-இல் கூப்பருக்குப் பேரனட் பட்டமும் கிடைத்தது. இந்தச் சம்பவத்தை வெறும் அரண்மனைக் கதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாதுவான கட்டி என்ற கருத்து அன்றைக்கு எவ்வளவு அர்த்தமற்றது என்பதை இது காட்டுகிறது. கட்டி கொல்லாது, ஆனால் கட்டியின் மேல் படும் கை கொல்லும். கை வைக்க முடியாத ஒன்றைக் கூட்டம் கூட்டமாக எடுத்து, பிளந்து, நூறு கட்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எடுத்த பின் அந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்று தொடர்ந்து பார்க்கவே வழியில்லை. ஒப்பீடு இல்லாமல் அறிவு வராது.

இப்போது ஜெஃபர்சனுக்கும் பாஸ்டனுக்கும் திரும்பலாம். மயக்க மருந்து இல்லாத காலத்தில் கத்திக்கு ஒருவர் சம்மதிப்பது செத்துப்போவதைவிட வலி மேல் என்ற நிலை வந்தால் மட்டும்தான். அழுகிய கால், சிறுநீர்ப்பைக் கல், தொண்டையை அடைக்கும் கட்டி. அப்படிப்பட்ட ஆள்மேல் புது மருந்தைச் சோதிப்பது இரட்டைச் சூதாட்டம். ஆள் இறந்தால் நோய் கொன்றதா மருந்து கொன்றதா என்று தெரியாது. சின்ன, மேலோட்டமான, அவசரமில்லாத கட்டி என்றால் கணக்கே வேறு. மருந்து வேலை செய்யாவிட்டால் நிறுத்திவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம். லாங் ஒரு முறை ஒரே நாளில் ஒரே பெண்ணின் தலையிலிருந்து மூன்று கட்டிகளை ஈதர் கொடுத்தும் கொடுக்காமலும் எடுத்து வித்தியாசம் பார்த்தார். வலி போனது ஈதராலா அல்லது அந்த ஆளின் நெஞ்சுறுதியாலா என்ற கேள்விக்கு இதைவிட நேரான சோதனை கிடையாது. அவருடைய சோதனைகள் எல்லாம் இப்படிச் சம்மதத்தோடு நடந்தவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெனபிளுக்கு அடுத்தபடியாக, 1842 ஜூலையில் அவர் ஈதர் கொடுத்துக் கால்விரல் எடுத்தது ஓர் அடிமைச் சிறுவனுக்கு. அவன் சம்மதத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். லாங் தன் கண்டுபிடிப்பை அச்சில் வெளியிட்டது 1849-இல். அதற்குள் பாஸ்டன் உலகப் புகழ் அடைந்துவிட்டது.

பாஸ்டனிலும் வரிசை அப்படியே. முதலில் கழுத்துக் கட்டி, மறுநாள் கொழுப்புக் கட்டி, அதோடு மூன்று வாரம் நிறுத்தம். மார்ட்டன் தன் மருந்துக்கு ‘லீதியான்’ என்று பெயரிட்டு, சாயமும் ஆரஞ்சு எண்ணெயும் கலந்து, அது என்ன என்று சொல்ல மறுத்துவந்தார். சரக்கு இன்னதென்று சொல்லாமல் இனிமேல் நோயாளிக்குக் கொடுக்க முடியாது என்று மருத்துவமனை தடுத்தது. வெறும் ஈதர்தான் என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகு, நவம்பர் 7 அன்று ஹேவார்ட் ஓர் இளம்பெண்ணின் காலைத் தொடையோடு எடுத்தார். அதுதான் உண்மையான பரீட்சை என்று மருத்துவர்களே சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலை எடுக்கும் துணிச்சலைக் கொடுத்தது, மூன்று வாரம் முன்பு கையிலிருந்து வெளிவந்த கொழுப்பு.

அதற்குப் பிறகு கதை வேகம் பிடிக்கிறது. 1867-இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் காயங்களைக் காக்கும் முறையை வெளியிட்டார். கூப்பரை நடுங்க வைத்த எரிசிபெலஸ் மெல்லப் பின்வாங்கியது. 1884-இல் கார்ல் கோலர் கொக்கெயின் சொட்டால் கண்ணை மரக்க வைத்தார். 1905-இல் நோவொக்கெயின் வந்தது. 1943-இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் லிக்னொக்கெயினை உண்டாக்கினார். இன்று மருத்துவமனையில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து கட்டி எடுக்கும்போது ஏறுவது பெரும்பாலும் அதுதான். ஒவ்வொரு படியிலும் கட்டியை எடுப்பதன் விலை இறங்கியது, எடுக்கப்பட்ட கட்டிகளின் எண்ணிக்கை ஏறியது. அவை நோயியல் மேசைக்குப் போயின. அங்கே நுண்ணோக்கி ஏற்கெனவே தயாராக இருந்தது. 1838-இல் பெர்லினில் யோஹன்னஸ் முல்லர் கட்டிகளின் நுண்ணமைப்பைப் பற்றி எழுதிய நூலில், கட்டியை அதன் உயிரணுக்களால் அடையாளம் காணும் வேலையைத் தொடங்கியிருந்தார். அவருடைய மாணவர் ருடால்ஃப் விர்ஹோ 1860-களில் கட்டிகளைப் பற்றிய பெரும் நூலில் அதைத் தொடர்ந்தார். கொழுப்புக் கட்டியின் அணு சாதாரணக் கொழுப்பு அணுவைப் போலவே இருக்கிறது, பக்கத்துத் திசுவை அரிப்பதில்லை, தூர உறுப்புகளுக்குப் பரவுவதில்லை என்பது அப்போதுதான் ஒருவர் வாய்ச்சொல் என்ற நிலையிலிருந்து, யார் வேண்டுமானாலும் வில்லை வழியே பார்த்துச் சரிபார்க்கக்கூடிய செய்தியாயிற்று.

இன்னொரு மறுப்பு உண்டு, இது கனமானது. சாது என்று சொல்கிறீர்களே, அதே விர்ஹோதான் 1857-இல் கொழுப்புத் திசுவிலிருந்து எழும் கொடிய கட்டியையும் விவரித்தார், இன்று அதை லைப்போசார்கோமா என்கிறோம், அப்படியிருக்க வெறும் விரலால் தடவிப் பார்த்து அபயம் கொடுப்பது எப்படி நியாயம் என்று கேட்கலாம். கேள்வி சரி. ஆனால் வரலாறு தரும் பதில் என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது. ‘சாது’ என்ற சொல் எல்லாக் கட்டிக்கும் கொடுக்கும் பொது மன்னிப்பாக இருந்ததே இல்லை. அதற்கு எல்லைகள் உண்டு, அந்த எல்லைகளும் வெட்டி ஒப்பிட்டதால் வரையப்பட்டவை. தோலுக்கு நேர் கீழே, மெத்தென்று, நழுவும்படி, சின்னதாக, ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருந்தால் விட்டுவிடலாம். 5 சென்டிமீட்டரைத் தாண்டினாலும், வேகமாக வளர்ந்தாலும், தசைக்கு அடியில் ஆழமாக இருந்தாலும், கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தாலும், புதிதாக வலித்தாலும் விரலை நம்பக் கூடாது, படம் எடுத்துப் பார்க்க வேண்டும், தேவையானால் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். வலியிலும் வகை உண்டு. ரத்தக்குழாய்கள் கலந்த ஆஞ்சியோலைப்போமா சாதுதான், ஆனாலும் அழுத்தினால் வலிக்கும். ஃபிலடெல்ஃபியாவின் பிரான்சிஸ் டெர்கம் 1892-இல் எழுதிய கட்டுரையில் வலிக்கும் கொழுப்புத் திரட்சிகளைத் தனி நோயாக விவரித்தார். ஜெர்மனியின் ஓட்டோ மாடெலுங் 1888-இல் எழுதியது கழுத்தைச் சுற்றிச் சமச்சீராகக் கொழுப்பு அடுக்கும் இன்னொரு கோளாறு. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர்களிடம்தான் அது பெரும்பாலும் வருகிறது. சாதுவின் எல்லைக்குள் எவை வரா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வெளியே நிறுத்தியதால்தான் உள்ளே இருப்பதற்கு உறுதி வந்தது.

1980-களில் குரோமோசோம்களைப் பார்க்கத் தொடங்கியதும் இன்னொரு கதவும் திறந்தது. பல லைப்போமாக்களில் 12-ஆவது குரோமோசோம் உடைந்து இடம் மாறியிருந்தது. கொழுப்பை ஒத்த சில கொடிய கட்டிகளிலோ அதே குரோமோசோமில் இருக்கும் எம்டிஎம்2 என்ற மரபணு பல படிகளாகப் பெருகியிருக்கிறது. கண்ணாடித் தகட்டில் சந்தேகம் வந்தால் நோயியலாளர் இப்போது அந்த மரபணுவைத்தான் தேடுகிறார். இதனால் ஒரு பழைய நம்பிக்கைக்கும் விடை கிடைத்தது. கொழுப்புக் கட்டி என்ற பெயரைக் கேட்டதும், கொழுப்பு தின்றதால் வந்தது, வாயைக் கட்டினால் கரையும் என்று எண்ணுவது நம்மிடையே சகஜம். உடல் இளைத்தால் கட்டியும் இளைக்கும் என்ற சுசுருதர் காலத்து எண்ணத்தின் நீட்சி அது. ஒரே அணுவின் மரபுப் பிசகிலிருந்து கிளைத்த கூட்டத்துக்குச் சாப்பாட்டுக் கணக்கு தெரியாது. ஒல்லியானவர்களுக்கும் இது வருகிறது. நெய்யை நிறுத்துவதால் வேறு நன்மை இருக்கலாம், முதுகில் இருக்கும் கழலை அசையாது.

இப்போதும் நிறையப் பேர் எடுத்துவிடத்தான் சொல்கிறார்கள். வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியும், சட்டைக் காலரில் உரசுகிறது, ஜாக்கெட் கையில் புடைக்கிறது, பார்ப்பவர்கள் கேட்கிறார்கள் என்று காரணம் சொல்வார்கள். மரத்துப்போகும் ஊசி, சின்னக் கீறல், நாலைந்து தையல், அன்று மாலையே வீடு. அறிவியல் விட்டுவிடலாம் என்று சொல்லும்போது வெட்டுவது வெறும் அழகுப் பித்து என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. அந்தச் சுளிப்பு வரலாறு தெரியாததால் வருவது. 1842 ஜூன் 6 அன்று ஜேம்ஸ் வெனபிள் பிடரியில் மீதமிருந்த இரண்டாவது கட்டியோடு லாங்கிடம் திரும்பி வந்தார். அது வலிக்கவில்லை, பெருக்கவில்லை, அவரை எந்தத் தொல்லையும் செய்யவில்லை. அங்கே இருந்தது, அவ்வளவுதான். லாங் மறுபடியும் துண்டை நனைத்தார்.